எல்லாருடைய புரோகிராம் கோடு என்றால் ராத்திரி போனை எடுப்பது யார்?

கேள்வி, 14-01-2025

எங்கள் டீமில் ஒன்பது பேர். புதிதாக வந்த மேனேஜர், "இனிமேல் இந்த மாட்யூல் இவருடையது என்ற பேச்சே கிடையாது. எல்லாக் கோடும் எல்லாருடையது. யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம்" என்று சொல்லிவிட்டார். நான் நாலு வருஷமாக பேமென்ட் பகுதியைப் பார்க்கிறேன். போன வாரம் ஜூனியர் பையன் ஒருவன் அதில் ரீட்ரை, அதாவது தோற்றால் மறுபடி அனுப்புவது, நடக்கும் இடத்தை "க்ளீன்" பண்ணி, பொதுக் கோடோடு மெர்ஜ் செய்துவிட்டான். டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ரிவ்யூ செய்ததும் இன்னொரு ஜூனியர். எனக்கு வந்த கோபம் நியாயமா, ஈகோவா?

14-01-2025, மாலை

பொங்கலும் அதுவுமாக உட்கார்ந்து இதைக் கேட்கிறீர்கள் என்றால் கோபம் நிஜம்தான். ஈகோவா என்பதை அப்புறம் பார்க்கலாம். அந்தப் பையன் எதை எடுத்துவிட்டு எதை வைத்தான்? பேமென்ட்டில் ரீட்ரை என்றாலே எனக்கு வயிறு கலங்கும்.

15-01-2025

கேள்வி கேட்டவர் டிஃப் (கோடு எங்கே மாறியது என்று காட்டும் பட்டியல்) அனுப்பியிருக்கிறார், கம்பெனி பெயர், கீ எல்லாம் அழித்துவிட்டு. நல்ல பழக்கம்.

பழைய கோடு இப்படிப் போகிறது: பணம் எடுக்கும் கேட்வேயிடமிருந்து டைம்அவுட் வந்தால் கொஞ்சம் பொறு. பிறகு ஸ்டேட்டஸ் கேட்கும் ஏபிஐ-யைக் கூப்பிடு. "அப்படி ஒரு ஆர்டரே வரவில்லை" அல்லது "தோல்வி" என்று தெளிவாகப் பதில் வந்தால் மட்டும், அதே ஆர்டர் எண்ணோடு மறுபடி அனுப்பு. "நிலுவையில்" என்று வந்தால் கையை வைக்காதே, ராத்திரி ஓடும் ஜாப் பார்த்துக்கொள்ளும்.

பையன் பார்த்திருக்கிறான். அறுபது எழுபது வரி. ரெப்போவில் (டீமின் கோடு மொத்தமும் இருக்கும் இடம்) ஏற்கெனவே பொது ரீட்ரை ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. அதைக் கூப்பிட்டு மூன்று வரியில் முடித்துவிட்டான். மூன்று முறை முயற்சி, ஒவ்வொரு முறையும் புது ஆர்டர் எண்.

டெஸ்ட் ஏன் பச்சை? டெஸ்ட்டுக்கான மாக் (போலி) கேட்வேயில் டைம்அவுட் என்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம். நிஜத்தில் டைம்அவுட் என்றால் நமக்குப் பதில் வரவில்லை, அவ்வளவுதான். பணம் போயிருக்கலாம். வாடிக்கையாளர் கணக்கில் மூன்று முறை எடுக்க இந்த மூன்று வரி போதும்.

ஆகக் கோபம் நியாயம். ஆனால் பழைய ஃபைலை முழுக்கப் படித்தேன். அந்த அறுபது வரியில் ஏன் என்று சொல்லும் கமென்ட் ஒன்றுகூட இல்லை. நாலு வருஷமாக உங்கள் தலைக்குள் இருந்தது ஃபைலுக்கு வரவே இல்லை. அந்தப் பையன் ஜோசியமா பார்ப்பான்?

15-01-2025, ராத்திரி

கீழே ஒருவர் "அப்போ ரோல்பேக் பண்ணியாச்சா?" என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு எழுதினேன், அதைக் கேட்கவில்லை பாருங்கள். பழைய கோடையே திரும்ப வைத்துவிட்டாராம். பையனின் மாற்றம் ஸ்டேஜிங் என்ற சோதனை இடத்தோடு நின்றிருக்கிறது. புரொடக்‌ஷன் ரிலீஸ் பொங்கல் லீவுக்கு அப்புறம்தானாம். சூரிய பகவான் காப்பாற்றினார்.

17-01-2025

மேனேஜர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். "எல்லாக் கோடும் எல்லாருடையது" என்பது அவர் கண்டுபிடித்ததல்ல. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற வேலை முறை வகையறா. அது உருவானது கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளக் கணக்கு ப்ராஜெக்டில், ஸ்மால்டாக் என்ற மொழியில் எழுதியது. 1996-ல் கென்ட் பெக் என்ற புரோகிராமர் அதற்குள் வந்து டீமை மாற்றி அமைத்தார். அங்கே பழகியதைத்தான் 1999-ல் புத்தகமாகப் போட்டார். அதில் பன்னிரண்டு பழக்கங்கள், அதில் ஒன்று இது.

நம் ஊர் மேனேஜர்கள் பன்னிரண்டில் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் இதற்குச் செலவில்லை. மற்றவை? ரெண்டு பேர் ஒரே மெஷினில் உட்கார்ந்து எழுதுவது. டெஸ்ட்டை முதலில் எழுதுவது. ஒரு நாளைக்குப் பலமுறை எல்லாவற்றையும் சேர்த்து பில்ட் செய்வது. வாடிக்கையாளர் தரப்பு ஆள் ஒருவர் கூடவே உட்காருவது. வாரத்துக்கு 40 மணி நேரம். (கடைசியைப் படித்துச் சிரிக்க வேண்டாம்.) ரெண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தால், அந்த அறுபது வரி எதற்கு என்று தெரிந்த இன்னொருவர் டீமிலேயே இருந்திருப்பார். அப்போது "எல்லாருடையது" என்பதற்கு அர்த்தம் உண்டு.

அந்த கிரைஸ்லர் ப்ராஜெக்டும் அப்படியொன்றும் சுபமாக முடியவில்லை. 1997-ல் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட ஆரம்பித்தது, 2000-ல் நிறுத்திவிட்டார்கள். அதை வைத்து இந்த முறையே தோல்வி என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. கம்பெனிகள் ப்ராஜெக்டை நிறுத்துவதற்கு ஆயிரம் காரணம்.

18-01-2025

"பழைய காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை, அவரவர் ஃபைல் அவரவருக்கு" என்கிறார் ஒரு மூத்தவர். சார், நானும் அந்தக் காலத்தில் இருந்தவன்தான். விஷுவல் சோர்ஸ்சேஃப் என்று கோடைச் சேமித்து வைக்கும் கருவி. ஒருவர் ஒரு ஃபைலைச் செக்-அவுட் செய்தால் (மாற்ற எடுத்தால்) மற்றவருக்குப் பூட்டு. எங்கள் ப்ராஜெக்டில் எல்லாரும் தொடும் பொது ஃபைல் ஒன்று இருந்தது, எல்லா எர்ரர் மெசேஜும் அதில்தான். ஒருத்தர் அதைச் செக்-அவுட் செய்துவிட்டுக் குடும்பத்தோடு திருப்பதி போய்விட்டார். அட்மின் வந்து அந்தப் பூட்டை எடுக்க வேண்டும், அட்மினோ வேறு பில்டிங்.

நாங்கள் என்ன செய்தோம்? விண்டோஸில் ஃபைல் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், "ரீட்-ஒன்லி" டிக்கை எடு, எழுது. திருப்பதிக்காரர் மொட்டையோடு திரும்பி வந்து செக்-இன் செய்தார். எங்களில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வெர்ஷன். நோட்பேடில் ரெண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுச் சேர்த்தோம்.

பூட்டுப் போட்டால் வேலை நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். வேலை நிற்காது. பூட்டுக்கு வெளியே, யார் கண்ணிலும் படாமல் நடக்கும்.

19-01-2025

இன்றைக்கும் அதே கதைதான். கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பில் 2017-ல் கோட்ஓனர்ஸ் ஃபைல் வந்தது. எந்த ஃபோல்டருக்கு யார் என்று எழுதி வைத்தால், அதைத் தொடும் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) தானாக அவரிடம் ரிவ்யூவுக்குப் போகும். மெயின் கோடைக் காக்கும் பிராஞ்ச் புரொடெக்‌ஷனில் கட்டாயம் என்று வைத்தால் அவர் ஒப்புதல் இல்லாமல் மெர்ஜ் ஆகாது. நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் எல்லா டீமும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கோடு நூலகத்துக்கு ஓனர் என்று ஒரே ஒருத்தர். நல்ல மனுஷர், ஆனால் நாள் முழுக்க மீட்டிங். தேதியை நம் ஊர் முறையில் காட்டும் ஃபங்ஷனில் சின்னத் திருத்தம் கேட்டால் வாரக்கணக்கில் கிடக்கும். கடைசியில் அந்த ஃபங்ஷனை ஒவ்வொரு டீமும் தன் ஃபோல்டருக்குள் காப்பி அடித்து வைத்துக்கொண்டது. பெயருக்குப் பின்னால் "நியூ", "நியூ2", "ஃபைனல்". ஒரே ரசீது மூன்று ஸ்கிரீனில் மூன்று விதமான தேதியோடு வந்தபோதுதான் மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

கோட்ஓனர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதில் கடைசியாகப் பொருந்தும் வரிதான் செல்லும். மேலே குறிப்பாக எழுதிவிட்டு, கீழே நட்சத்திரம் போட்டுப் பொதுவாக ஒரு டீமைக் குறித்தால், மேலே எழுதியதெல்லாம் வீண். இதை இன்றே போய்ப் பாருங்கள்.

21-01-2025

இழை சூடாகிவிட்டது. ஒருவர் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியை எடுத்து என் தலையில் போட்டிருக்கிறார். 2011-ல் வந்தது. விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 ரெண்டின் கோடையும் எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் யார் எவ்வளவு மாற்றினார்கள் என்று பார்த்தார்கள். ஒரு பகுதியின் மாற்றங்களில் 5 சதவீதத்துக்கும் குறைவாகச் செய்தவர்களைச் சிறு பங்காளிகள் என்று வைத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் அதிகம் கைவைத்த பகுதியில் பழுதும் அதிகம். ஒருவர் பெரும்பங்கு எழுதிய பகுதியில் குறைவு. "ஆகவே தொடாதே" என்கிறார் நண்பர்.

அவ்வளவு சுலபமாக அங்கே போக முடியாது. பழுது அதிகமாக இருந்ததால்தான் பலர் வந்து தொட்டார்களோ என்னவோ. பின்னால் திறந்த மூல ப்ராஜெக்டுகளில் இதையே சோதித்தவர்களுக்கு இந்தத் தொடர்பு அவ்வளவு அழுத்தமாகக் கிடைக்கவில்லை. நான் இதில் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: வெளியிலிருந்து ஒருமுறை வந்து போகும் ஆளின் மாற்றத்தை, அந்தப் பகுதி தெரிந்த கண் ஒன்று பார்க்க வேண்டும். அந்த ஆராய்ச்சிக்காரர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள். தொடவே கூடாது என்று சொல்லவில்லை.

22-01-2025

"தெரிந்த கண் பார்க்க வேண்டும்" என்று நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. கண் பார்த்தும் போனது ஒன்று ஞாபகம் வந்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு வகையான டெபியனில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. ரகசியச் சாவி வேலைக்கான ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தை எழுதுபவர்கள் வேறு, அதை டெபியனுக்குக் கட்டித் தருபவர் வேறு. 2006-ல் வால்கிரைண்ட் என்ற, மெமரித் தப்பு தேடும் கருவி, ரேண்டம் எண் உண்டாக்கும் ஃபைலில் "துவக்கி வைக்காத மெமரியைப் படிக்கிறாய்" என்று கத்திக்கொண்டே இருந்தது. கட்டுபவர் தேடிப் பார்த்தார். காரணமான வரி ரெண்டு இடத்தில். ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே: ஒரு பஃபரை (மெமரித் துண்டு) எடுத்து ஹேஷுக்குள் (தகவலைக் கலக்கும் கணக்கு) கலக்கு.

ஒரே வரி, ரெண்டு ஃபங்ஷன். ஒன்றில் அது கூப்பிட்டவர் கொடுத்த காலிப் பஃபரையும் சும்மா சேர்த்துக் கலக்குகிறது, எடுத்தால் நஷ்டமில்லை. இன்னொன்றில், வெளியிலிருந்து வரும் அத்தனை தற்செயல் தகவலும் உள்ளே போகும் வாசலே அந்த வரிதான். அவர் ரெண்டையும் கமென்ட் செய்தார். அதற்கப்புறம் உள்ளே மிஞ்சியது கிட்டத்தட்ட ப்ராசஸ் எண் (ஓடும் புரோகிராமின் எண்) மட்டும். அது அன்றைய லினக்ஸில் வழக்கமாக 32,768-ஐத் தாண்டாது. அந்தக் காலத்தில் டெபியனிலும் அதன் வழிவந்த உபுன்டுவிலும் உண்டாக்கிய, தூரத்து மெஷினில் லாகின் ஆக உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகளை, ஒரு சாவி வகைக்கு முப்பத்திச் சொச்சம் ஆயிரம் முயற்சியில் ஊகிக்கலாம் என்றாகிவிட்டது. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ என்ற டெபியன்காரர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. உலகம் முழுக்கச் சாவி மாற்றினார்கள்.

இதை "தனக்குத் தெரியாத கோடில் கைவைத்தான்" என்று சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அவர் கேட்டார். ஓபன்எஸ்எஸ்எல் மெயிலிங் லிஸ்ட்டில், இந்த வரிகளைத்தான் எடுக்கலாம் என்று நினைக்கிறேன், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். டீபக்கிங்குக்கு உதவும் என்றால் எடுக்கலாம் என்கிற தொனியில் பதில் வந்தது. பதில் சொன்னவர், ஏதோ பக் தேடுவதற்காகத் தற்காலிகமாக எடுக்கிறார் என்று நினைத்திருக்கலாம். அந்த பேட்ச் (திருத்தம்) மூல ப்ராஜெக்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. போயிருந்தால் அங்கே யாராவது ஒருவர் துள்ளிக் குதித்திருப்பார்.

பேக்கேஜுக்கு ஓனர் இருந்தார். மூலத்துக்கும் ஓனர்கள் இருந்தார்கள். கேள்வியும் போனது. முழு மனசோடு பார்த்துச் சொன்ன பதில்தான் வரவில்லை.

22-01-2025, கொஞ்ச நேரம் கழித்து

இதைத்தான் முதல் நாளிலிருந்தே சொல்ல வந்தேன் போலிருக்கிறது, இப்போதுதான் வாயில் வருகிறது. கோடு சொந்தம் என்றால் மாற்றும் உரிமை என்று எல்லாரும் பேசுகிறோம். உரிமையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய ஆள் யார்? அதை முடிவு செய்யுங்கள். அந்த ஆள் இல்லாத பொதுக் கோடு, ஊர்ப் பொது மோட்டார் மாதிரி. சுவிட்ச் போட எல்லாரும் உண்டு, கிரீஸ் போட ஒருத்தரும் கிடையாது.

24-01-2025

லினக்ஸின் நடுக்கருவான கெர்னலில் இது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு நீளமான டெக்ஸ்ட் ஃபைல். எந்தப் பகுதிக்கு யார், எந்த மெயிலிங் லிஸ்ட் என்று இருக்கும். எனக்குப் பிடித்தது அதில் நிலைமையை எழுதும் வரி. சம்பளம் வாங்கிப் பார்க்கிறார்கள் என்றால் ஒரு சொல், சும்மா பார்க்கிறார்கள் என்றால் ஒரு சொல். "ஆள் இருக்கிறார், ஆனால் நேரமில்லை, எப்போதாவது ஒரு பேட்ச் போடுவார்" என்பதற்கும் தனியாக ஒரு நிலை. ஆளே இல்லாவிட்டால் "அநாதை". எந்தக் கம்பெனியிலாவது ஒரு மாட்யூலுக்கு இப்படி வெளிப்படையாக "அநாதை" என்று எழுதி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நம்மிடம் அநாதை மாட்யூலுக்கும் ஓனர் பெயர் இருக்கும், ஆளோ போன வருஷமே வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

இன்னொன்று. அங்கே பகுதிக்குப் பகுதி கண்டிப்பான பராமரிப்பாளர் இருக்கிறார். அதே சமயம், கெர்னலுக்குள் ஒரு இன்டர்ஃபேஸை நீ மாற்றினால், அதைக் கூப்பிடும் எல்லா டிரைவரையும், அது யாருடையதானாலும், நீயே போய்த் திருத்திக் கொடுக்க வேண்டும். ஆக ஓனரும் உண்டு, அடுத்தவர் வீட்டுக்குள் போகும் கடமையும் உண்டு. இந்த இழையில் ரெண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறோமே, அங்கே ரெண்டும் ஒன்றாகவே ஓடுகிறது.

26-01-2025

ஒரு தம்பி நேரடியாகக் கேட்டுவிட்டான்: "அண்ணா, சீனியர்கள் மாட்யூலைக் கட்டிப்பிடித்துக்கொள்வது அப்ரைசலுக்காகத்தானே?"

ஆமாம் தம்பி. பாதிக்கு மேல் அதுதான். ஃபார்மில் "இந்த வருஷம் நீ எதை ஓன் செய்தாய்" என்று கட்டம் போட்டு வைத்துவிட்டு, டீம் மீட்டிங்கில் எல்லாமே எல்லாருடையது என்றால் யார் கேட்பார்கள்? அடுத்தவர் மாட்யூலில் போய் நாலு பக் சரிசெய்தவனுக்கு அந்த ஃபார்மில் எழுத இடமே கிடையாது. அவனை நார்மல் ரேட்டிங்கில் போட்டுவிட்டு, தன் மாட்யூலை யாரையும் தொட விடாதவருக்கு "கிரிட்டிகல் ரிசோர்ஸ்" பட்டம். சர்வீஸ் கம்பெனி என்றால் கிளையன்ட்டே பெயர் சொல்லிக் கேட்பான், அவரை ப்ராஜெக்டை விட்டு அசைக்க முடியாது. ஆன்சைட்டும் அவருக்குத்தான்.

இதன் மறுபக்கம் அவர் ராஜினாமாப் பேப்பர் போடும்போது தெரியும். 90 நாள் நோட்டீஸ். முதல் அறுபது நாள் அவரை எப்படியாவது நிறுத்திவிடலாம் என்று பேச்சுவார்த்தை. அப்புறம் அவசர அவசரமாகக் கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், தெரிந்ததைச் சொல்லி ஒப்படைப்பது). டீம்ஸில் ஸ்கிரீன் ஷேர், ரெக்கார்டிங் ஆன், "இது வந்து இப்படிப் போகும், இதை இப்போ டச் பண்ண வேண்டாம்" என்று மணிக்கணக்கில். அந்த ரெக்கார்டிங்கை யாராவது திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருமுறை பார்த்தேன், தேடியது கிடைக்கவே இல்லை. நடுவில் அவர் வீட்டுக் குக்கர் விசில் மட்டும் தெளிவாகக் கேட்டது.

மேனேஜருக்கு நிஜமாகவே எல்லாருடையதும் ஆக வேண்டும் என்றால், அவர் முதலில் கைவைக்க வேண்டியது ரெப்போவில் இல்லை, அந்த ஃபார்மில்.

27-01-2025

அப்ரைசல் பற்றி எழுதியதற்கு வந்த பின்னூட்டங்களை ஒரு மணி நேரம் படித்தேன். எல்லாரும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறோமா?

29-01-2025

எக்ஸ்இஜெட் (XZ) விவகாரத்தை ஒருவர் இழுத்தார். அது தனி ஓனர்ஷிப்பின் இன்னொரு முகம். உலகத்தில் ஏராளமான லினக்ஸ் மெஷினில் இருக்கும், ஃபைலைச் சுருக்கும் ஒரு கம்ப்ரெஷன் நூலகம், பார்ப்பவர் அநேகமாகத் தனி ஆள், களைத்துப் போனவர். உதவிக்கு என்று ஒருவர் வந்தார், ரெண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக பேட்ச் போட்டு நம்பிக்கை சம்பாதித்து, இணைப் பராமரிப்பாளர் ஆகி, எஸ்எஸ்ஹெச் வழியாகத் திருட்டுத்தனமாக நுழையப் பின்வாசல் வைத்தார். 2024 மார்ச் 29 அன்று அதை வெளியில் சொன்னவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுதுபவர். எக்ஸ்இஜெட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, எஸ்எஸ்ஹெச்சுக்கும் இல்லை. லாகின் ஆக அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டினார்.

தன்னுடையதல்லாததை நோண்டும் ஆட்கள் வேண்டும். நோண்டலாம் என்ற சூழ்நிலையும் வேண்டும். "அது என் ஏரியா இல்லை" என்று அவர் நினைத்திருந்தால்?

02-02-2025

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பையனை உட்கார வைத்துப் பேசினாராம். திட்டவில்லை என்கிறார், நம்புவோம். ரெண்டு பேரும் சேர்ந்து மாக் கேட்வேயை மாற்றியிருக்கிறார்கள்: பணத்தை எடுத்துக்கொண்டு அதற்கப்புறம் டைம்அவுட் கொடுக்கும் மாக். இப்போது யார் அந்த மூன்று வரியை வைத்தாலும் டெஸ்ட் சிவப்பு. ஃபங்ஷன் தலையில் கமென்ட் நாலு வரி. அறுபது வரி நாற்பதாகவும் குறைந்ததாம். பையன் சொன்னது ஒரேயடியாகத் தப்பில்லை, கோடு கொஞ்சம் குண்டாகத்தான் இருந்தது.

சாஃப்ட்வேர் பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர், கோடு யாருக்குச் சொந்தம் என்பதைப் பிரித்துச் சொல்லும் மூன்று வகையில் நடு வகை இவர்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். பகுதிக்கு ஆள் உண்டு, மற்றவர்களும் மாற்றலாம், பெரிதாக மாற்றும் முன் அவரிடம் பேசிவிட்டு. மேனேஜர் இதற்கு ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. அவருக்கு ஸ்லைடில் "எல்லாருடையது" என்று போட வேண்டும், போட்டுக்கொள்ளட்டும்.

05-02-2025

கடைசிப் பக்கத்தில் ஒருவர் கேட்டது: ஆன்-கால் ரோஸ்டர் (ராத்திரி பிரச்சினை என்றால் யாருக்குப் போன் என்ற முறைப் பட்டியல்) எப்படி? இவர்கள் டீமில் இப்போதும் பேமென்ட் விழுந்தால் போன் போவது கேள்வி கேட்டவருக்கு மட்டும்தானாம். ஒன்பது பேர் மாற்றலாம், ஒருத்தர் எழுந்திருக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

ரோஸ்டரில் ஒன்பது பேரும் வர வேண்டும். முதல் சில மாதம் தெரிந்தவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று ஜோடியாக. போனை முதலில் எடுப்பது புதியவர், முடியாவிட்டால் தெரிந்தவரை எழுப்புவார். அந்த மாட்யூலில் கடைசியாக மெர்ஜ் செய்தவர் அந்த வாரம் கட்டாயம் லிஸ்ட்டில். மேனேஜர் பெயரும் இருக்கட்டும், குறைந்தபட்சம் போன் வந்ததா என்றாவது அவருக்குத் தெரியும்.

அலவன்ஸ் உண்டா என்று கேட்ட தம்பிக்கு: அதை ரோஸ்டரில் பெயர் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும், மெயிலில் கேட்க வேண்டும். வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம்" என்றால் காம்ப்-ஆஃப் (ஈடு லீவு) கூடக் கிடைக்காது.